வரலாமா?

மாமாவுக்கு ஆபீசில் வைத்திருந்த பட்டப்பெயர் 'வேண்டாம்'. சுற்றுலாக் கம்பெனியில் அவருக்கு ஒரே வேலைதான். ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, அங்கே ஜனங்களைக் கூட்டிக்கொண்டு போனால் பத்திரமாகத் திரும்புவார்களா என்று சொல்ல வேண்டும். நீட்டி முழக்கத் தேவையில்லை. வரலாம், இல்லாவிட்டால் வேண்டாம். மாமா வாயிலிருந்து எப்போதும் வருவது இரண்டாவது. அருவி என்றால் பாறை வழுக்கும், கடற்கரை என்றால் அலை இழுக்கும், ஒன்றுமே இல்லாத பொட்டல் வெளி என்றால் இடி விழும். என் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவளைப் பக்கத்து ஊர்ப் பூங்காவுக்குக்கூட அழைத்துப் போகாத புண்ணியவான் அவர்.

நான் அதே கம்பெனியில் வண்டி ஓட்டுகிறேன். மாமாவுக்கும் எனக்கும் பேச்சுத்துணை நாங்களேதான்.

இந்த முறை மனிதர் ஒரு நிலையில் இல்லை. நாங்கள் போகவிருந்த மலை ஏரியைத் தானும் பார்த்தே தீர வேண்டும் என்று அவர் மகள் பாப்பா அடம் பிடித்திருந்தாள். இடம் நன்றாக இருந்தால் உடனே போன் செய்கிறேன், நீயும் அம்மாவும் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுங்கள் என்று மாமா வாக்குக் கொடுத்துவிட்டார். அக்கா முதல் நாளே பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக 'வரலாம்' என்று சொல்ல ஆசைப்பட்டார் மாமா. அந்த ஆசைதான் அவரைப் படுத்தியது. வழியெல்லாம் சீட் பெல்ட்டை மாட்டுவதும் கழற்றுவதுமாக வந்தார்.

ஏரி பெயர் பெற்றதுதான். முன்பெல்லாம் சீசனில் கால் வைக்க இடம் கிடைக்காது. போன மழைக்காலத்தில் கரையோரச் சாலையில் மலை சரிந்து, சுற்றிப் பார்க்க வந்த ஒரு கூட்டமே மண்ணுக்குள் போனது. சிலரை எடுத்தார்கள். பலரை எடுக்க முடியவில்லை. அதன் பிறகு மூடியிருந்த சாலையை இப்போதுதான் திறந்திருந்தார்கள்.

ஊர் முகப்பில் அலங்கார வளைவு ஒன்று இருந்தது. ஊர்ப்பெயருக்குக் கீழே 'தங்கள் வரவு நல்வரவாகுக' என்று எழுதியிருந்ததை வெள்ளையடித்து மறைத்திருந்தார்கள். வெள்ளைக்கு அடியில் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. வரவேற்கக்கூட மனசில்லாத ஊர் போலிருக்கிறது என்று நான் கிண்டலடித்தேன். மாமா சிரிக்கவில்லை.

மதியம் வரை எல்லாவற்றையும் பார்த்தோம். சரிவு முழுக்கப் புதுக் கம்பிவலை போட்டிருந்தார்கள். மாமா கம்பி வேலியைப் பிடித்து உலுக்கினார், அசையவில்லை. லைஃப் ஜாக்கெட் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். ஒரு தையல்கூடப் பிரியவில்லை. ஆம்புலன்ஸை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். அதுவும் முதல் சாவியிலேயே உறுமியது. குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் மனிதர் தவித்துப் போனார்.

கடைசியில் ஊர்க்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்பது அவருடைய வழக்கம். எந்த ஊரானாலும் அதே கேள்வி. குடும்பத்தோடு வரலாமா?

படகுக்காரர் காதில் விழாதவர் போலக் கயிற்றைச் சுருட்டினார். பிறகு, படகெல்லாம் புதுசு என்றார். டீக்கடைக்காரர் இங்கே குளிர் நன்றாக இருக்கும் என்றார். நாங்கள் தங்கிய விடுதியை நடத்தும் அம்மாவோ, ரூம் காலியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வயிற்றுப்பிழைப்பே வருகிறவர்களை நம்பித்தான். ஆனால் 'வரலாம்' என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

"எதையோ மறைக்கறாங்க மாப்ள," என்றார் மாமா.

நீங்கள் வாழ்நாளில் சொல்லாத வார்த்தையை அவர்கள் மட்டும் சொல்ல வேண்டுமா என்றேன் நான். அப்போது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பியபோது மூடுபனி இறங்கியிருந்தது. பகல்தான், ஆனாலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. அறைக்குப் பின்கதவு ஒன்று உண்டு. அதைத் திறந்தால் கரையோரச் சாலை. செல்போன் சிக்னல் அந்தக் கதவோரம் மட்டும்தான் எட்டிப் பார்க்கும் என்பதால் மாமா அங்கேயே நின்று கொண்டிருந்தார். நான் கட்டிலில் படுத்தேன். கண்ணை மூட முடியவில்லை. வெளியே ஏரித் தண்ணீர் கரையை நக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதன் நடுவே இன்னொரு சத்தம். சேற்றில் புதைந்த செருப்பை இழுத்து இழுத்து வைக்கும் சத்தம்.

ஒரு ஆள் நடக்கிற சத்தம் இல்லை அது.

கதவுக்கு வெளியே வந்து நின்றது.

அப்போது மாமாவின் போன் அடித்தது. அக்காதான். அவள் குரல் எனக்கே கேட்டது. "என்னங்க, பாப்பா செருப்பைக்கூட மாட்டிட்டு நிக்கறா. வரலாமா?"

அதே நேரம், கதவுக்கு அந்தப் பக்கம், மிகவும் மரியாதையாக, களைத்துப் போன ஒரு குரல்.

"வரலாமா?"

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். மாமாவின் கவனமெல்லாம் போனில் இருந்தது. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"வரலாம்," என்றார், பளிச்சென்று.

கேட்டது இரண்டு பேர். பதில் ஒன்றுதான்.

பின்கதவின் தாழ்ப்பாள் தானாக விலகியது. கதவு மெல்லத் திறந்தது. வெளியே பனியைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஆனால் ஈரமண் வாடை அறைக்குள் குப்பென்று ஏறியது. தரையில் சேற்றுத் தடம் ஒன்று விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. சின்னதாக ஒன்று. ஓரத்திலிருந்த காலிக் கட்டிலின் மெத்தை அமுங்கியது.

எவரோ உட்கார்ந்தார்கள்.

மாமா போனைக் காதில் வைத்தபடியே சிலையாகிவிட்டார்.

கதவுச் சத்தம் கேட்டு விடுதியம்மா ஓடி வந்தார். தரையைப் பார்த்ததும் அறைக்குள் காலை வைக்காமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். மாமா என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னேன்.

"மலை சரிஞ்ச அன்னைக்கு, சுத்திப் பாக்க வந்தவங்க மழையில பஸ்ஸை ஊர் முகப்பு வளைவுல நிறுத்திட்டு, நடந்து வரலாமான்னு போன்ல கேட்டாங்க," என்றார் அவர், கிசுகிசுப்பாக. "இந்தப் பக்கம் நின்னு வரலாம்னு சொன்னது என் வீட்டுக்காரர். மலையும் சேர்ந்து வந்துருச்சு. அப்புறம் ஒரு நாள் இந்தக் கதவைத் தட்டி மறுபடியும் கேட்டாங்க. மனசு கேக்காம மறுபடியும் சொல்லிட்டாரு."

"அவர் இப்ப எங்க?" என்றார் மாமா.

அந்த அம்மா பனிக்குள் மறைந்திருந்த ஏரிப் பக்கம் பார்த்தார்.

அதற்குப் பிறகு அங்கே எங்களுக்கு என்ன வேலை? பெட்டியைக்கூட எடுக்காமல் வண்டிக்கு ஓடினோம். நான் சாவியைத் திருகும்போதே பின்பக்கம் ஒரு அமுங்கு அமுங்கியது. பிறகு இன்னொன்று. டயர் மட்கார்டில் உரசும் அளவுக்கு வண்டி தணிந்துவிட்டது. காலையில் துள்ளிக்கொண்டு ஏறிய வண்டி, இப்போது இறக்கத்தில்கூட முக்கி முனகியது. பின்சீட்டுக் கண்ணாடிகள் உள்பக்கமாக ஆவி படிந்து வெளுத்தன. திரும்பிப் பார்க்கும் தைரியம் எங்கள் இருவருக்கும் இல்லை.

அடிவாரத்தில் மாமா அக்காவுக்குப் போன் செய்தார். கிளம்ப வேண்டாம், வீட்டை விட்டு எங்கும் போக வேண்டாம் என்றார்.

"உங்ககூட யாருங்க, இத்தனை பேர் பேசறாங்க?" என்றாள் அக்கா.

மாமா போனை அணைத்துவிட்டார். அதன் பிறகு அதைத் தொடவே பயந்தார்.

நேராகக் கம்பெனி ஷெட்டுக்குப் போய் வண்டியை விட்டுவிடலாம் என்று நான் மன்றாடினேன். மாமா கேட்கவில்லை. விடுதியம்மாவின் வீட்டுக்காரருக்கு என்ன ஆனதோ அதுதான் தனக்கும் என்று அவருக்குள் முடிவாகிவிட்டது. பாப்பாவை ஒரே ஒரு தடவை, தூரத்தில் நின்றாவது பார்த்துவிடுகிறேன் என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். எனக்கும் அடக்க முடியவில்லை.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கும் நேரத்துக்கு எங்கள் தெருமுனைக்கு வந்தோம். அங்கேயே நிறுத்தச் சொன்னார்.

"நீ இறங்கிடு மாப்ள. அவங்க ரெண்டு பேரையும் பாத்துக்க. நான் இவங்களை எங்கயாவது தூரமா கூட்டிட்டுப் போயிடறேன்," என்றார்.

'இவங்களை' என்று அவர் சொன்னபோது பின்சீட்டில் எதுவோ அசைந்தது.

நான் இறங்கினேன். அவர் ஸ்டியரிங் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். அக்காவைப் பேசவே விடக்கூடாது என்று நினைத்து வீட்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனேன். பாதி தூரம்கூடப் போகவில்லை. எங்களுக்காகவே காத்திருந்தவள் போல அக்கா கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கூடவே பாப்பா, மாட்டிய செருப்போடு. அக்காவின் கண் என் மேல் இல்லை. தெருமுனையில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டாள். பயணம் கெட்ட கோபமும், புருஷன் பத்திரமாக வந்துவிட்டார் என்ற நிம்மதியும் அவள் முகத்தில் ஒன்றாகத் தெரிந்தன.

நான் இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினேன். அவள் அதைக் கவனிக்கவில்லை.

"அங்கயே நின்னு என்ன வேடிக்கை?" என்று தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுத்தாள். "வீட்டுக்கு வரலாம்ல?"

எனக்குப் பின்னால், தெருமுனையில், பாரம் இறங்கிய வண்டி மெதுவாக மேலே எழும்பும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மாமா அதற்குள்ளேயே இருந்தார். கதவு எதுவும் திறக்கவில்லை.

ஈரமண் வாடை என்னைக் கடந்து போனது.

பாப்பா கேட்டை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டாள். ஓரமாக ஒதுங்கி, ஒருவர் பின் ஒருவராக உள்ளே போகிறவர்களுக்கு வழிவிட்டு, வெகுநேரம் அப்படியே நின்றாள்.