முடிவுகள்: பூஜ்யம்

பிற்பகல் இரண்டரை மணிக்கு முதலாசிரியர் நூலகத்துக்கு வந்தார். சன்னல் வழியே வந்த வெயில் மேசைமேல் நீட்டிப் படுத்திருந்தது. பேய்க்கதைக்குப் பொருந்தாத வெளிச்சம்தான். என்ன செய்வது, நடந்தது அப்போதுதான்.

முதலாசிரியர் என்பது மாணவர்கள் வைத்த பட்டம். கல்வியியல் துறையில் யார் எந்த ஆய்வுக்கட்டுரை எழுதினாலும் ஆசிரியர் வரிசையில் முதல் பெயர் அவருடையது. இரண்டாவது பெயர், உண்மையில் எழுதியவருடையது. சில சமயம் அதுவும் இருக்காது.

நான் அங்கே தரவுத்தளப் பிரிவைப் பார்க்கும் நூலகர். ஆய்விதழ்களைக் கணினியில் தேடி எடுத்துக் கொடுப்பது என் வேலை.

"என் கட்டுரை எல்லாத்தையும் லிஸ்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, சீல் வச்சுக் குடுங்க. அஞ்சு மணிக்குள்ள தேர்வுக் குழுவுக்குப் போகணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "துணைவேந்தர் பதவி. நான் கேக்கல. அவங்களா வற்புறுத்துறாங்க."

மூன்று மாதமாக அவர் ஏறி இறங்காத வாசல் இல்லை. புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த நூலக உதவியாளர், எங்கள் எல்லோருக்கும் அண்ணன், அலமாரிக்குப் பின்னாலிருந்து, "பதவிதான் பாவம், அவருக்குப் பயந்து ஓடிக்கிட்டிருக்கு" என்று முணுமுணுத்தார்.

முதலாசிரியரின் பெயரை அடித்தேன். நாற்பத்தேழு கட்டுரைகள் வரவேண்டும். நாற்பத்தெட்டு வரிகள் வந்தன.

முதல் வரியில் இருந்தது ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு. 'கடைசி வரிசைக் குழந்தைகள் ஏன் பேசுவதில்லை.'

என் விரல்கள் விசைப்பலகையிலேயே நின்றுவிட்டன.

அந்த ஆய்வேடு எந்தத் தரவுத்தளத்திலும் இருக்க முடியாது. அதற்குப் பட்டமே கொடுக்கவில்லை. எழுதியவளை எல்லோரும் 'அடிக்குறிப்பு' என்போம். கையெழுத்து அவ்வளவு பொடி. ஆரம்பப் பள்ளி ஆசிரியை வேலையை விட்டுவிட்டு ஆய்வுக்கு வந்தவள். முந்நூறு குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து பேசி எழுதினாள். அதை முதலாசிரியர் நான்காக நறுக்கித் தன் பெயரில் வெளியிட்டார். அவள் புகார் கொடுத்தாள். விசாரணைக் குழுவின் தலைவர், முதலாசிரியரின் மச்சான். அவள்தான் முதலாசிரியரைக் காப்பியடித்தாள் என்று தீர்ப்பு வந்தது.

தீர்ப்புக்கு ஆதாரம், நூலகம் கொடுத்த ஒப்பீட்டுச் சான்றிதழ். கையெழுத்து என்னுடையது. அவளுடைய கோப்பு அவர் கட்டுரைகளைவிட எட்டு மாதம் முந்தியது என்பது எனக்குத் தெரியும். அந்த வருடம் என் பதவி உயர்வுக் கோப்பு முதலாசிரியரின் மேசையில் இருந்தது என்பதும் தெரியும்.

தீர்ப்பு வந்த மறுநாள் இதே கூடத்தில், ஒன்பதாம் எண் மேசையில் தலை சாய்த்தவள் எழவில்லை. மருத்துவர் இதயம் என்றார்.

"இது எப்படி உள்ள வந்துச்சு?" முதலாசிரியரின் குரலில் இருந்த துணைவேந்தர் இறங்கிப் போய்விட்டார்.

"தெரியல சார்."

மறுபடி தேடினேன். இப்போது நாற்பத்தேழு கட்டுரைகளிலும் முதல் பெயர் அவளுடையது. அவர் இரண்டாவது.

"ஒரு பேர் வேண்டாம்னா வெட்டி விடுறதுக்கு ஏதோ வழி உண்டே?"

"உண்டு சார். உங்க பேருக்கு அப்புறம் இங்கிலீஷ்ல 'நாட்', அதாவது 'இல்லாம'ன்னு அடிச்சு அந்தப் பேரைப் போட்டா, அது இருக்கிற எதுவும் வராது."

"தள்ளுங்க, நானே அடிக்கிறேன். ஆளையே ஒதுக்கியாச்சு. பேரை ஒதுக்குறது என்ன பிரமாதம்?"

அடித்தார்.

முடிவுகள்: பூஜ்யம்.

கீழே ஒரு வரி: 'நீங்கள் தேடுவது இவரையா?' அதற்கு நேரே அவள் பெயர்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. சாக்பீஸ் தூள். கரும்பலகையை யாரோ இப்போதுதான் துடைத்துவிட்டுப் போனதுபோல. எங்கள் நூலகத்தில் கரும்பலகை கிடையாது.

டக்.

ஒன்பதாம் மேசைக் கணினியில் யாரோ விசையைத் தட்டும் சத்தம்.

"அண்ணே, அங்க யாரு?"

"யாருமில்ல சார். நாற்காலி மட்டும் இழுத்துப் போட்ட மாதிரி இருக்கு."

என் திரையின் ஓரத்தில் தேடல் வரலாறு என்று ஒரு கட்டம் உண்டு. கூடத்தில் யார் எதைத் தேடினாலும் அதில் வரிசையாக விழும். நாங்கள் தொடாமலேயே ஒரு புது வரி விழுந்தது.

பேராசிரியர் நாட். அதன்பின் முதலாசிரியரின் பெயர்.

அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தேன். வெறும் வெள்ளை.

டக். டக்.

கணவர் நாட். மறுபடி அவர் பெயர்.

அவர் பதறிப்போய் வீட்டுக்குப் போன் போட்டார். அவசரத்தில் ஒலிபெருக்கிப் பொத்தான் அழுந்திவிட்டது.

"நான்தான்மா பேசறேன்."

"நான்தான்னா யாருங்க?"

"விளையாடாத. உன் வீட்டுக்காரன்!"

"எனக்குக் கல்யாணமே ஆகலைங்க. ராங் நம்பர்."

அந்த அம்மாளின் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் நிம்மதிகூட இருந்ததாக எனக்குப் பட்டது.

அப்பா நாட்.

மகளை அவர் அழைக்கவில்லை. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு என் தோளைப் பிடித்தார். "அவகிட்ட சொல்லுங்க... நாலு கட்டுரையிலயும் அவ பேரையே முதல்ல போட்டுடறேன். ரெண்டாவதா மட்டும் என்னுது இருக்கட்டும்."

சத்தம் நின்றது.

மறுபடி ஒரு வரி விழுந்தது, இந்தமுறை வேகமாக.

மனிதர் நாட்.

என் தோளில் இருந்த கையின் கனம் குறைந்தது. குறைந்துகொண்டே போனது.

"யார்கிட்ட சார் இவ்வளவு நேரமா பேசிக்கிட்டிருக்கீங்க?" அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து நாற்காலி காலி. இருக்கையில் வெள்ளைத் தூள், ஒரு கைப்பிடி.

ஐந்து மணிக்கு அந்த விசாரணைக் குழுத் தலைவர், முதலாசிரியரின் மச்சான், போன் செய்தார். "என்னய்யா, என் லிஸ்ட் ரெடியா?"

"உங்க லிஸ்டா? உங்க மச்சான்தானே சார் துணைவேந்தருக்கு..."

"எனக்கு ஏதுய்யா மச்சான்? மதியமே ஆரம்பிச்சுட்டியா?"

அடுத்த வாரம் அந்த மச்சான் துணைவேந்தர் ஆனார். பல்கலைக்கழகம் ஒரு குறையும் இல்லாமல், அல்லது எல்லாக் குறைகளோடும், வழக்கம்போல் நடந்தது. யாரும் யாரையும் தேடவில்லை.

எனக்குத்தான் தூக்கம் போயிற்று. சான்றிதழ் பொய்யென்று ஒப்புக்கொண்டு பதிவாளருக்குக் கடிதம் எழுதினேன். பதில் வந்தது: 'தாங்கள் குறிப்பிடும் பேராசிரியர் இப்பல்கலைக்கழகத்தில் என்றும் பணிபுரிந்ததில்லை. ஆனால் சான்றிதழ் உள்ளது. நேரில் வரவும்.'

போய்ப் பார்த்தேன். யாரிடமிருந்து அவள் காப்பியடித்தாள் என்ற இடம் காலியாக இருந்தது. அதே தாளின் அடியில் என் கையெழுத்து, மை காயாமல். அவளை அழித்தவன் யார் என்பதற்கு இந்த உலகில் மிச்சமிருப்பது அந்த ஒரு கையெழுத்துதான்.

பதிவாளர் தாளை விளக்குக்கு நேரே பிடித்தார். "எந்தப் பேராசிரியரும் இல்லைன்னா, இதை யாருக்காகப் போட்டீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். முதலாசிரியரின் பெயர் எனக்கு வரவில்லை.

நேற்று சாயங்காலம் தேடல் வரலாற்றில் ஒரு சொல் விழுந்தது. நூலகர். பக்கத்தில் ஓர் இடைவெளி விட்டு, ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்து: N.

'நாட்' என்பதற்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்து.

இன்று காலை கூடத்தைத் திறந்ததும் முதலில் போய்த் திரையைப் பார்த்தேன்.

இரண்டாவது எழுத்தும் விழுந்திருந்தது.