பேட்டரி ஏன் செத்தது?

"எட்மோன்... ஐயோ, எட்மோன்!"

அலறல் மூன்றாவது மாடியிலிருந்து வந்தது.

படியேறிக்கொண்டிருந்த ஹியாம் திடுக்கிட்டு நின்றாள்.

அதற்கு ஒரு நொடி முன்னால்தான் படிக்கட்டு விளக்கு அணைந்திருந்தது. லிஃப்ட் நடுவழியில் நின்றிருந்தது. பெய்ரூட்டில் இதற்கெல்லாம் யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை.

பக்கத்து வீட்டு உம் ஃபாரிஸ் மட்டும் பால்கனியிலிருந்து கத்தினாள். "டேய் டோனி... ஜெனரேட்டரைப் போடேன்டா. சந்தா வாங்க மட்டும் கரெக்டா வந்துடற..."

"ஓடிக்கிட்டுதான் இருக்கு அத்தை. காதுல விழலையா?" தெருவிலிருந்து ஜெனரேட்டர்காரன் டோனி.

டீசல் ஜெனரேட்டர் தடதடத்துக்கொண்டுதான் இருந்தது.

விளக்கு மட்டும் எரியவில்லை.

ஹியாம் இரண்டிரண்டு படிகளாகத் தாவி மேலே ஓடினாள்.

திறந்த கதவு. உள்ளே சாய்வு நாற்காலியில் எட்மோன். வலது கை மார்பைப் பிடித்தபடி. கண்கள் கூரையை வெறித்தபடி...

காலடியில் அவர் மனைவி ஒடெட் சுருண்டு கிடந்தாள்.

"கழுத்துல நாடி இல்ல." ஜன்னலோரம் நின்றிருந்த கஸ்வான் மெல்லச் சொன்னான். "மாரடைப்பு. என் கண்ணெதிர்லயே போயிட்டாரு. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிட்டேன்."

கஸ்வான் காவலுக்கு வந்தவன். வக்கீல் அமர்த்திய ஆள். போலி இதய மருந்து வழக்கில் இரண்டே சாட்சிகள்; இருவரும் ஓய்வுபெற்ற மருந்து ஆய்வாளர்கள். நாளை காலை கோர்ட்டில் கூண்டேற வேண்டியவர்கள்.

ஒருவர் எட்மோன்.

இன்னொருவர் ஹியாமின் அப்பா வதீஹ்!

"அப்பா எங்க?" என்றாள் ஹியாம்.

"கறி வாங்கக் கீழ போனாரு," என்றாள் ஒடெட் விசும்பலோடு. "சாயந்திரம் எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்னு..."

மருத்துவமனையில் பேஸ்மேக்கர்களைச் சோதித்துப் பார்ப்பது ஹியாமின் வேலை. எட்மோனின் மார்பில் இருந்ததைப் போன வாரம்தான் பார்த்தாள். குதிரை மாதிரி ஓடியது. அது எப்படித் திடீரென்று...?

பார்வை சுவருக்குப் போனது.

கடிகாரம் நின்றிருந்தது.

மேஜை மேலிருந்த டார்ச்சை எடுத்து அழுத்தினாள். எரியவில்லை. தன் போனை எடுத்தாள். கறுப்புத் திரை. மதியம் முழுசாகச் சார்ஜ் ஏற்றிய போன்!

கரன்ட் போனால் விளக்கு அணையும்... சரி.

பேட்டரியில் ஓடுகிற கடிகாரம் ஏன் நிற்க வேண்டும்?

ஹியாம் வாசலை நோக்கி நகர்ந்தாள்.

"நான்... அப்பாவைப் பார்த்துட்டு வந்துடறேன்."

"நீங்க இருங்க. நான் போறேன்," என்றான் கஸ்வான் அவசரமாக.

அவள் காதில் வாங்கவில்லை. பாதி மாடி இறங்கிவிட்டாள்.

எதிர்ச்சாரியில் ஹாகோப்பின் கறிக்கடை. உள்ளே விளக்கு எரிந்தது. எலக்ட்ரானிக் தராசில் பச்சை எண்கள் மின்னின. வதீஹ் கறியில் கொழுப்பு அதிகம் என்று ஹாகோப்போடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

உயிரோடு!

"அப்பா... எட்மோன் அங்கிளைக் கொன்னுட்டாங்க."

வதீஹின் கையிலிருந்த பொட்டலம் நழுவியது. "என்னம்மா சொல்ற?"

"மின்காந்த அதிர்ச்சி. ஒரு மெஷின் இருக்கு... கண்ணுக்குத் தெரியாம ஒரே அடி. பக்கத்துல இருக்கிற சர்க்யூட் எல்லாம் கருகிடும். ஊரே கரன்ட் போச்சுன்னு நினைச்சுக்கும்."

"பேஸ்மேக்கருக்குத்தான் உலோக உறை இருக்கே?"

"இருக்கு. ஆனா இதயத்துக்கு ஒயர் போகுதே? அது ஆன்டெனா மாதிரி அதிர்ச்சியை வாங்கி உள்ள கொண்டுபோயிடும். அங்கிளுக்கு அதான் நடந்துச்சு. உங்க மார்புலயும் அதே பேஸ்மேக்கர்தானே? அடுத்தது நீங்க."

"எப்ப?"

"மறுபடி அந்த மெஷின்ல சார்ஜ் ஏறணும். ஏறின உடனே."

வதீஹ் நெற்றியைத் துடைத்தார். "அப்ப என்னை அலுமினியத் தாள்ல சுத்தப் போறியா? ஷவர்மா மாதிரி?"

"விளையாடாதீங்கப்பா. ஒரு விரல் இடைவெளி விட்டாலும் பிரயோஜனம் இல்ல." அவள் கண்கள் கடையைத் துழாவின. "ஹாகோப்... அந்தக் குளிர் அறை?"

"நாலு பக்கமும் இரும்புத் தகடு. மேலயும் கீழயும் இரும்பு," என்றார் ஹாகோப் பெருமையாக. "எங்கப்பா காலத்துல போட்டது. கதவும் சும்மா கிடையாது, சுத்திலும் செப்புப் பட்டை. டக்குன்னு கவ்விக்கும்."

"உங்க போனைக் குடுங்க. கல்லாவுல கிடக்கிற உங்க பையன் போனும் வேணும்."

ஒரு போனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். இன்னொன்றிலிருந்து அழைத்தாள்.

உள்ளே மணி அடித்தது.

"போச்சு," என்றாள். "சிக்னல் உள்ள போகுது. சிக்னல் போனா அதிர்ச்சியும் போகும்."

எங்கே ஓட்டை?

கதவைத் திறந்து அண்ணாந்து பார்த்தாள். உள் விளக்குக்குப் போகும் ஒயர்... சுவரில் துளைபோட்டு நுழைந்திருந்தது. எட்மோனைக் கொன்ற அதே தந்திரம். ஒயரைப் பிடித்து இழுத்துப் பிடுங்கினாள்.

"அடிப்பாவி... விளக்கு!"

"பாத்திரம் தேய்க்கிற இரும்பு நார் இருக்கா?"

துளைக்குள் நாரைத் திணித்து அடைத்தாள். கதவைச் சாத்தினாள். மறுபடி அழைத்தாள்.

காத்திருந்தார்கள்.

நிசப்தம்...

'நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது' என்றது ஒரு பெண் குரல். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் குரல் ஹியாமுக்கு இனித்தது.

"உள்ள போங்கப்பா. சீக்கிரம். நான் ஆம்புலன்ஸ் வந்துச்சான்னு..."

அவள் பேச்சு பாதியில் நின்றது.

ஆம்புலன்ஸ்.

அந்த வீட்டில் எல்லா எலக்ட்ரானிக்கும் செத்துக் கிடந்தது. அவள் போன் உட்பட.

கஸ்வான் மட்டும் எதில் பேசினான்?

கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தாள். கஸ்வான் சாலையைக் கடந்துகொண்டிருந்தான். நேராகக் கடையை நோக்கி. பின்னால் சக்கரம் வைத்த கறுப்புப் பெட்டி ஒன்றை இழுத்தபடி...

கடைக்கு ஒரே வாசல்தான்.

ஹியாம் அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். பிறகு ஹாகோப்பிடம். ஹாகோப்பின் புருவம் உயர்ந்தது.

கடைக் கதவு திறந்தது.

"எங்க உங்கப்பா?" கஸ்வான் சிரித்தான். அவன் கையில் துப்பாக்கி முளைத்தது.

"உன் போன் எப்படிப் பொழைச்சுது?"

"இரும்பு டப்பாவுல வெச்சிருந்தேன் மேடம். உங்களுக்குத் தெரியாததா? எங்க அவரு?"

"சுட வேண்டியதுதானே? எதுக்கு இந்தப் பெட்டி?"

"குண்டு பட்டா கேஸ் ஆகும். பயத்துல கிழவனுக்கு இதயம் நின்னா எவன் கேப்பான்?"

ஹியாம் ஓரடி பின்வாங்கினாள். அவள் நடிக்க வேண்டியதே இல்லை. பயம் தானாகவே வழிந்தது.

"உன்னால அவரை ஒண்ணும் செய்ய முடியாது. அவர் குளிர் அறையில இருக்காரு. சுத்திலும் இரும்பு. இங்கிருந்து நீ ஆயிரம் தடவை அடிச்சாலும் உள்ள போகாது."

கஸ்வான் குளிர் அறைக் கதவைப் பார்த்தான். விரலால் தட்டிப் பார்த்தான். சிரிப்பு அகன்றது.

"கெட்டிக்காரிதான். அப்ப உள்ள போய் அடிச்சாப் போச்சு."

"வேணாம்... உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்..."

அவன் கதவை இழுத்துத் திறந்தான். உள்ளே இருட்டு. கடை வெளிச்சத்தின் ஒரு கீற்றில், மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது ஓர் உருவம். வதீஹின் பழுப்புக் கோட்டு. வதீஹின் தொப்பி.

கஸ்வான் துப்பாக்கியை இடுப்பில் செருகினான். கனமான பெட்டியை இரு கைகளாலும் தூக்கி வாசற்படியைத் தாண்டினான்.

தடால்!

ஹாகோப்பின் நூற்றுப்பத்து கிலோவும் கதவின்மேல் சாய்ந்தது. தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். கஸ்வான் மெஷினை அழுத்திவிட்டான்.

ஹியாம் தலையைத் தூக்கினாள்.

கடை விளக்கு... எரிந்தது.

தராசில் பச்சை எண்கள்... மின்னின.

"அப்பா?"

கல்லாப் பலகையின் அடியிலிருந்து பதில் இல்லை.

"அப்பா... பேசுங்கப்பா..."

குனிந்தாள். வதீஹ் அசையாமல் மடங்கிக் கிடந்தார். அவர் கழுத்தில் விரலை வைத்தாள்.

"பேஸ்மேக்கர் நல்லாத்தான் இருக்கு," என்றார் வதீஹ் முனகலாக. "முழங்கால்தான் போச்சு. என் கோட்டையும் தொப்பியையும் அந்த உரிச்ச ஆட்டுக்கு மாட்டியாச்சு. தூக்கி விடும்மா."

அவள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

உள்ளே துப்பாக்கி வெடித்தது. கதவின் உட்தகடும் அதற்குள் அடைத்திருந்த கனத்த தக்கையும் குண்டை விழுங்கிக்கொண்டன. பிறகு கெட்ட வார்த்தைகள். பிறகு உதைகள்.

"அவன்கிட்ட போன் இருக்கேம்மா... ஆளைக் கூப்பிட்டா?" வதீஹ் பதறினார்.

"அதிர்ச்சி உள்ள போகாத பெட்டியிலேருந்து வெளியவும் எதுவும் போகாதுப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹியாம் ஹாகோப்பின் போனில் போலீஸ் எண்ணை அழுத்தினாள். "உங்களை அடைக்கத்தான் இடம் தேடினேன். அடைக்க வேண்டியது அவனைன்னு கடைசி நிமிஷத்துலதான் தோணுச்சு."

உள்ளிருந்து குரல் கம்மி வந்தது. "திறங்க... துப்பாக்கியைக் கீழ போட்டுட்டேன்... விறைக்குது... கொஞ்சமாவது திறங்க..."

ஹாகோப் நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, அதிலேயே சாவகாசமாக உட்கார்ந்தார்.

"அடிக்கடி திறந்தா கறி கெட்டுப்போயிடும் தம்பி!"