தோளுக்கு மேல் ஒரு சாண்

சேத்தூரைத் தாண்டி அந்த மாந்தோப்புக்குள் வைகுண்டராஜ் பைக்கை நிறுத்தியபோது மணி நாலு. இறங்கியதும் கண்ணாடியில் முடியைச் சரிசெய்துகொண்டான். நாய்களின் உடல்மொழி நிபுணர் என்று சட்டைப்பையின் மேல் நூலால் தைத்து வைத்திருந்தான். சென்னையில் இரண்டு நாள் வகுப்பு, ஒரு சான்றிதழ், ஒரு யூடியூப் சேனல். நிபுணராவதற்கு இந்தக் காலத்தில் அவ்வளவு போதும் போலிருக்கிறது. நாய் வளர்த்தே தலை நரைத்தவர்கள் இருக்கும் ராஜபாளையம் வட்டாரத்தில், ஒரு நாயைக்கூடக் குளிப்பாட்டி அறியாதவன் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். ஊர்க்காரர்களுக்கு நாய்க்குச் சோறு போடத் தெரியும், நாயைப் படிக்கத் தெரியாது என்று இளக்காரம் வேறு.

வரச்சொன்னவன் ஐயாதுரை. அவன் அண்ணன் பாண்டிதுரை பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு மாதம் முன்பு இதே தோப்பு வீட்டில் மாரடைப்பில் போய்விட்டார். இப்போது அவர் மனைவி வெள்ளத்தாயும், அவர் வளர்த்த வெள்ளை நாயும் மட்டும்தான். அண்ணன் வீட்டுக்குக் குடிவரப் பார்த்த ஐயாதுரையின் முன்கையை நாய் கவ்விவிட்டது. ஊசி போட்டுக் கொன்றுவிடலாம் என்றால், திருத்த முடியாத கடிநாய் என்று யாராவது எழுதித் தரவேண்டும் என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டாராம். அந்தக் கடிதத்தை வைகுண்டராஜ் காலையிலேயே அடித்து எடுத்து வந்திருந்தான். நாயை அவன் இன்னும் பார்க்கக்கூட இல்லை.

நாயின் பெயர் என்ன என்று கேட்டான். வைக்கவில்லை என்றாள் வெள்ளத்தாய். பெயர்கூட வைக்காமல் இது என்ன வளர்ப்பு என்று உதட்டைப் பிதுக்கினான். அவள் மேலே ஏதோ சொல்ல வந்ததைக் காதில் வாங்காமல் உள்ளே நடந்தான்.

பாண்டிதுரையின் அறையில் ஜன்னல் சாத்திக் கிடந்தது. ஆள் புழங்காத அறையின் புழுக்கம். அதற்குள்ளே சுருட்டு வாசனை, அப்போதுதான் பற்றவைத்ததுபோல. அது அவனுக்கு உறைக்கவே இல்லை. ஒரு கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு மறு கையால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

கட்டிலடியில் இருந்து நாய் எழுந்தது. காதுகள் பின்னால் படிந்தன. வால் தாழ்ந்து ஆடியது. நாக்கை நீட்டி மூக்கை நக்கிக்கொண்டது.

“பார்த்தீங்களா, இதெல்லாம் பணிவோட அடையாளம்,” என்று போனுக்குள் கிசுகிசுத்தான். “ரெண்டே நிமிஷத்துல என்னைத் தலைவனா ஏத்துக்கிச்சு. என் கண்ணைப் பாக்கக்கூடத் தைரியம் இல்லை.”

உட்கார் என்றான், உட்கார்ந்தது. படு என்றான், படுத்தது.

வெளியே வந்து, நிபுணருக்குத்தான் இது அடங்கும், மற்றவர்களைக் குதறிவிடும் என்று வெள்ளத்தாயிடம் விளக்கினான். அவள் கண்ணெதிரேயே கடிதத்தில் கையெழுத்துப் போட்டான். அந்த வீட்டில் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே துணையின் உயிர் அது. அவள் அழவில்லை.

“நீங்க சொன்னதக் கேட்டுதாக்கும்?”

“கேட்டுச்சே. வீடியோ இருக்கு.”

“அதுக்குக் காது கேக்காது தம்பி. பொறந்ததுல இருந்தே.”

வெள்ளைக் குட்டிகளில் சில அப்படிப் பிறப்பதுண்டு. ஆகாது என்று யாரோ கழித்துவிட்ட குட்டியைப் பாண்டிதுரை எடுத்து வந்து, வெறும் கைச்சாடையிலேயே எல்லாம் பழக்கியிருந்தார். கூப்பிட்டால் கேட்காத நாய்க்குப் பெயர் எதற்கு என்று விட்டுவிட்டாராம். இதெல்லாம் இந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நிபுணர் கேட்கவில்லை.

“அவிய கைய மட்டுந்தான் பாக்கும்,” என்றாள் தாழ்ந்த குரலில்.

வைகுண்டராஜ் சிரிக்கப் பார்த்தான். தன் கை பைக்குள் இருந்தது நினைவுக்கு வந்தது. வீடியோவை ஓட்டினான்.

நாய் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவனுக்குப் பின்னால், தோளுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தது.

நாய் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகுதான் அவன் குரல் “உட்கார்” என்றது.

நாய் படுத்தது.

“படு” என்றது அவன் குரல்.

நிமிர்ந்தான். நாய் வாசலில் நின்றது. முதுகு நெடுக முடி சிலிர்த்திருந்தது, உதடு மேலேறிப் பல் தெரிந்தது. கண் மட்டும் அவன் தோளுக்கு மேலேயே இருந்தது. சுருட்டு வாசனை இப்போது அவன் பிடரியில் அடித்தது.

“கைய ஓங்கி வச்சிருக்காவ போல,” என்றாள் வெள்ளத்தாய். “எறக்குனா பாஞ்சிரும். அந்தக் காகிதத்தக் கிழிங்க தம்பி.”

கிழித்தான். துண்டுகளையும் திரும்பத் திரும்பக் கிழித்தான். நாயின் முடி மெல்ல அடங்கியது. அது திரும்பி அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

ராஜபாளையம் தாண்டுவதற்குள் பயம் போய்விட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் கோபம் வந்துவிட்டது. போனில் சத்தம் கொஞ்சம் பிந்தி விழுந்திருக்கும், அவ்வளவுதான். ஒரு பட்டிக்காட்டுப் பொம்பிளை தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று எண்ணி எண்ணிப் பொருமினான். இந்த மாதிரி ஆளுக்குப் பயம்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தங்காது.

ஊருக்குள் மடவார் வளாகத்தில் தன் தெருமுனையிலேயே பைக்கை நிறுத்தினான். வெளிச்சம் இன்னும் இருந்தது. கையெழுத்துப் போட்டதுமே கடிதத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தான். அதைத் தேடி எடுத்து, ஐயாதுரைக்கு அனுப்ப விரலைக் கொண்டுபோனான்.

குப்பைத்தொட்டி ஓரம் நாலு தெருநாய்கள் படுத்திருந்தன. அவன் வந்தால் தலையைக்கூடத் தூக்காத நாய்கள்.

ஒவ்வொன்றாக எழுந்தன.

முதுகு முடி சிலிர்த்தது. எதுவும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

சுருட்டு வாசனை வந்தது.

அவன் தொண்டைக்குள் ஒரு சொல் ஏறியது. அவன் நினைத்த சொல் இல்லை அது. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கப் பார்த்தான். வாய் தானாகத் திறந்தது.

“பிடி.”

அது அவன் காதில் விழுந்தபோது நாய்கள் பாதித் தூரம் வந்துவிட்டிருந்தன.