பதினான்காம் குப்பி

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரோவினாவின் மணிக்கட்டில் இருந்த புரதமானி வழக்கம்போல் ஒருமுறை அதிர்ந்தது. ஆல்வின் மகளின் கையைத் திருப்பிப் பார்த்தான். சிவப்பு. அதன் கீழே முப்பத்தெட்டு என்ற எண்.

நாளை மாலை ஆறு மணிக்குள் இன்னும் முப்பத்தெட்டு கிராம் புரதம் அவள் வயிற்றுக்குள் போக வேண்டும். போகாவிட்டால் இது நான்காவது சிவப்பு வாரம். நான்கு வாரம் சிவப்பு என்றால் திங்கட்கிழமை காலை வாசலில் வண்டி வந்து நிற்கும். அப்புறம் ஆறு மாதம் ஊட்டமனை. குழாய் வழியே சத்து ஏற்றுவார்கள். மாதம் ஒருமுறை கண்ணாடிக்கு வெளியே நின்று பிள்ளையைப் பார்க்கலாம். வீட்டில் இருப்பது அவனும் அவளும்தான்.

மேசையில் அடுக்களைப்பொறி வார்த்துக் கொடுத்த கோழிக்கால் இருந்தது. டோஃபுவில் செய்தது. நார் நாராகப் பிரியும். தோல்கூட மொறுமொறுவென்று இருக்கும். ஆறு வயது ரோவினா குனிந்து அதைப் பார்த்தாள்.

"இது யாரு காலுப்பா?"

"யாரு காலும் இல்ல. சோயாதான். தின்னு."

"அப்பம் ஏன் கால் மாதிரி இருக்கு?"

ஆல்வின் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். அந்தக் கோழிக்காலின் வடிவத்தை உருவாக்கியவனே அவன்தான்.

கறி நின்று இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முதலில் கோழிகள் செத்தன. பிறகு ஆடு, மாடு. கடைசியில் மீனிலும் அந்த நோய் கண்டது. ஒரே கோடையில் எல்லாவற்றையும் குழி வெட்டிப் புதைத்தார்கள். ஆல்வினுக்கு அப்போது பத்து வயது. அதன் பிறகு ஊர் சோயாவில் பிழைத்தது. உடம்பு பிழைத்ததே தவிர பெரியவர்களின் நாக்கு அடங்கவில்லை. அதற்காக வந்தவைதான் மணக்குப்பிகள். விரல் நீளக் கண்ணாடிக் குப்பி. நாலு சொட்டு விட்டால் டோஃபு வஞ்சிர மீனாகும். எட்டு சொட்டு விட்டால் ஆட்டுத் தொடையாகும். தூத்துக்குடி ஆய்வுக்கூடத்தில் அந்த மணங்களைக் கலந்து உருவாக்குபவன் ஆல்வின். சுக்கா குப்பி வெளியான அன்று வரிசையில் நின்றவர்கள் முதல் வாயிலேயே அழுதார்கள்.

பிள்ளைகளுக்கு மட்டும் அது ஆகவில்லை. கறியைக் கண்ணால் காணாமல் பிறந்தவர்கள் அந்த மணம் பட்டாலே மூக்கைப் பொத்தினார்கள். பழகினால் சரியாகும் என்றது ஊட்டத்துறை. பள்ளி அடுக்களைகளில் வாரத்துக்கு அரைச்சொட்டு கூட்டச் சொன்னது. பிள்ளைகள் பழகவில்லை, மெலிந்தார்கள். ஊட்டமனைகள் பெருகின.

ஆல்வின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு குப்பி இருக்கும். பதினான்காம் எண். விற்பனைக்கு வராதது. முதல் பதின்மூன்றையும் அவன் மனைவி மெர்சிலின் நாக்கில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பதினான்காவதைச் சுவைத்துவிட்டு இன்னொரு சொட்டு கேட்டு வாங்கினாள். பிறகு, "இதுதான்" என்றாள். அவள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்குழம்பு அது. மூன்று வருடத்துக்கு முன்னால் மெர்சிலின் காய்ச்சலில் போய்விட்டாள். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் ஆல்வின் அந்தக் குழம்பை வைக்கிறான். சட்டி, கரண்டி, திரைச்சீலை, தலையணை எல்லாவற்றிலும் பதினான்கின் மணம் ஏறியிருந்தது. அவனுக்கு அது தெரியாது. அந்த மணத்துக்குள்ளேயே இருக்கிறவன்.

அன்று அவனுக்கு ஒரு வேலை இருந்தது. முள்ளக்காடு உப்பளத்துப் பிள்ளைகள் அடுக்களையில் நாற்பத்தாறு பிள்ளைகள். நாற்பத்தாறு புரதமானியும் பச்சை. ஒரு வருடமாகப் பச்சை. அங்கே ஒரு மணக்குப்பிகூட வாங்கியதில்லை. யாரோ மானிகளில் கை வைத்திருக்கிறார்கள் என்று துறை சந்தேகப்பட்டது. பார்த்து எழுதிக் கொடுக்கும்படி ஆல்வினை அனுப்பினார்கள். பள்ளி விடுமுறை. பிள்ளையை விட இடமில்லாமல் ரோவினாவையும் கூட்டிக்கொண்டு போனான்.

வழியெல்லாம் வெள்ளை. பாத்திகளில் இயந்திர வாரிகள் உப்பை இழுத்துக் கரையேற்றிக்கொண்டிருந்தன. அடுக்களை ஒரு தகரக் கொட்டகை. பொறி எதுவும் இல்லை. நாலு அடுப்பு, நாலு பானை. சோயாக் கட்டியை அழுத்தும் ஒரு மரப்பெட்டியின் மேல் உப்பு மூட்டையைத் தூக்கி வைத்திருந்தார்கள். மூட்டையின் பாரத்தில் பெட்டியின் ஓட்டைகள் வழியே வெளிறிய மஞ்சள் தண்ணீர் வடிந்தது.

சமைப்பவள் பெயர் இசக்கி. அவனுடைய வயதுதான் இருக்கும். முன்பு பாத்தியில் உப்பு வாரியவள். துறை ஆள் என்று சொன்னதும் அவள் அசரவில்லை. மானிகளைத் தாராளமாகச் சோதித்துக்கொள்ளச் சொன்னாள். அவன் பத்து மானிகளைக் கழற்றிப் பார்த்தான். எல்லாம் ஒழுங்காக இருந்தன.

பிறகு அவள் வேலை செய்வதைப் பார்த்தான். சோயாப்பால் கொதித்து அடங்கியதும் ஒரு ஜாடியை எடுத்தாள். உப்பு விளைந்த பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீர். வெளியே கொட்டுகிற கழிவு. அதை மரக்கரண்டியின் முதுகில் வழியவிட்டுப் பாலின் மேல் மழைத்தூறல்போல் பரப்பினாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பால் மெல்ல மேகம் மேகமாகப் பிரிந்து கூடியது. ஆல்வினின் ஆய்வுக்கூடத்தில் பதினோரு உணரிகள் செய்யும் வேலை. அவள் கண்ணாலேயே முடித்தாள்.

ஏற்கெனவே பெட்டியில் அழுந்தியிருந்த கட்டியைச் சிறு சதுரமாக நறுக்கினாள். அரிசி மாவும் மிளகும் புரட்டிக் கடலை எண்ணெயில் போட்டாள். வெளியே வெள்ளையாய்க் கரடுமுரடாய்ப் பொரிந்து வந்தது. உப்புப் பரல் மாதிரியே இருந்தது. பிள்ளைகள் அதற்கு உப்புக்கட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ரோவினா தட்டை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த சந்தனமாரி என்ற சிறுமி அவள் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"ஏட்டி செவப்பு வளையலு, சும்மா மொறச்சிக்கிட்டே இருந்தன்னா அது உன்னயத் தின்னுரும். நீ முந்திக்க."

ரோவினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றை எடுத்தாள். முகர்ந்தாள். கடித்தாள். உள்ளே இளம் நுங்குபோல் வழவழத்தது, ஆவி பறந்தது. ஊதிக்கொண்டே இன்னொன்றை எடுத்தாள். ஆல்வின் எண்ணவில்லை, மானி எண்ணியது. முப்பத்தெட்டு இருபத்தேழாக இறங்கியது. மூன்று வாரத்தில் அவள் ஒரே இருப்பில் இவ்வளவு தின்றதில்லை.

இசக்கி பந்தியில் யாரையும் கவனிக்கவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியருகே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, திரும்பி வரும் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்க்கிறாள் என்று கேட்டான்.

"கடி பாக்கேன் சார்."

ஒரு மிச்சத் துண்டைக் காட்டினாள். ஒரு ஓரத்தில் மட்டும் பல் பதிந்திருந்தது. இது சுயம்புவின் தட்டு, கடைவாய்ப்பல் ஆடுகிறது, நாளைக்கு அவனுக்குப் பொரித்தது கிடையாது என்றாள். இன்னொரு தட்டில் ஒரு சிறுமி தோலை மட்டும் உரித்துத் தின்று உள்ளே இருந்ததை வைத்திருந்தாள். இவளுக்கு வழவழப்பு ஆகாது, உதிர்த்துத் தேங்காய்ப்பூ போட்டுப் புட்டாகக் கொடுக்க வேண்டும் என்றாள். பிடிக்கிறதா என்று கேட்டால் பிள்ளைகள் பெரியவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும், பல்லுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அவள் கணக்கு. நாற்பத்தாறு வாய்களையும் அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். ஆல்வின் தன் தொழிலில் இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

அந்த வியப்பில்தான் அவன் தப்புச் செய்தான்.

இரண்டாம் சுற்றுக்கு டோஃபு புட்டு வெந்துகொண்டிருந்தது. அவன் மூக்குக்குச் சோயாவின் பச்சை வாடை லேசாகத் தட்டியது. ஒரே ஒரு குறை. அரைச்சொட்டுப் போதும், வாடை அமுங்கிவிடும், பிள்ளைகளுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ரோவினா இன்னும் ஒரு கிண்ணம் தின்பாள். அவன் சட்டைப்பையில் இருந்து பதினான்காம் குப்பியை எடுத்துப் பானைக்குள் அரைச்சொட்டு விட்டான். பெரிய ஓவியத்தில் தன் பங்குக்கு ஒரு புள்ளி வைத்தவன்போல் நிறைவாக இருந்தது.

புட்டு பரிமாறினார்கள். கொட்டகையில் சத்தம் குறைந்தது. முதலில் சந்தனமாரி கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு வரிசையாக எல்லாரும். ரோவினா வாயில் வைத்ததைக் கையில் துப்பிக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"நம்ம வீடு மாதிரி மணக்குப்பா" என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆல்வின் தன் சட்டைக்கையை முகர்ந்தான்.

தொட்டியடியில் நாற்பத்தேழு கிண்ணங்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வாய் மட்டும் குறைந்திருந்தது. இசக்கி ஒன்றை முகர்ந்தாள். அவனிடம் வந்து கையை நீட்டினாள். அவன் குப்பியைக் கொடுத்தான். மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள். அவள் கண் மூடியது.

"கோயில் கொடைக்கு எங்கய்யா கெடா வெட்டுவாவ. அந்தக் கொழம்பு" என்றாள். "அப்படியே இருக்கு. நீங்க சாதாரண ஆள் இல்ல சார்."

"எங்க வீட்டுக்காரி நாக்கு அது. அவ இல்ல இப்ப."

இசக்கி மூடியை நன்றாகத் திருகி மூடி, புடவை முனையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இழந்தது நாம சார். நமக்கு ஏக்கம் இருக்கு. இதுக எதயும் இழக்கல. இல்லாத பசிக்கு எப்பிடிச் சோறு போடுவிய?"

அதோடு விட்டுவிட்டு அடுப்புக்குப் போனாள். புட்டுப் பானையைக் கவிழ்த்தாள். இருபது நிமிடத்தில் டம்ளர் டம்ளராகப் பாலை உறையவிட்டு, மேலே உடன்குடிக் கருப்பட்டிப் பாகை ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளைகள் முதலில் முகர்ந்தார்கள். பிறகு தின்றார்கள். ரோவினா பாதி டம்ளர் தின்றாள். எண் இருபத்திரண்டில் நின்றது.

கிளம்பும்போது இசக்கி ஒரு பாட்டிலில் கசப்பு நீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"ரெண்டு கரண்டிக்கு மேல போவாதீய, கசந்துரும். பாலு திரியும்போது கிண்டாதீய. சும்மா நில்லுங்க, போதும்."

சும்மா நின்று அவனுக்கு மூன்று வருடமாகப் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஜன்னல்களை எல்லாம் திறந்தான். திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தான். குழம்புச் சட்டியைப் புளி போட்டுத் தேய்த்தான். சாம்பல் போட்டுத் தேய்த்தான். மூன்றாம் முறை முகர்ந்தபோதும் மெர்சிலின் அதில் இருந்தாள். சட்டியை எடுத்து மாடியில் வெயிலில் கவிழ்த்துவிட்டு, சோறு வடிக்கும் பானையை அடுப்பில் வைத்தான். அடுக்களைப்பொறியை அணைத்தான். ஞாயிறு காலையில் அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்து ரோவினா பார்த்ததில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறிப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

முதல் பானை பாழானது. பால் திரியும்போது கை தானாகக் கரண்டியை எடுத்துக் கிண்டிவிட்டது. எல்லாம் நொய்யாக உதிர்ந்தது.

"ஒடஞ்சிட்டாப்பா?"

"ஒடஞ்சிட்டு."

கடுகு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து உதிர்ந்ததை அப்படியே கொட்டிக் கிளறினான். அவள் ஸ்டூலில் நின்றபடியே வாணலியில் இருந்து எடுத்துத் தின்றாள். மானியில் பதினொன்று.

பிற்பகலில் இரண்டாம் பானை. இந்த முறை அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவளும் அதே மாதிரி கட்டிக்கொண்டாள். பால் அசைந்தது, மங்கியது, கூடியது. துணியில் கட்டி அம்மிக்குழவியைப் பாரமாக வைத்தான். நாலரைக்கு அவிழ்த்தபோது ஒரு செங்கல்போல் வந்தது. நறுக்கி, மாவில் புரட்டி, பொரித்தான். சதுரம் எதுவும் சதுரமாக இல்லை. ரோவினா ஊதி ஊதித் தின்றாள். நடுவில் ஒருமுறை, சந்தனமாரியை வீட்டுக்குக் கூட்டி வரலாமா என்று கேட்டாள்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்து துறைக்கான அறிக்கையை எழுதினான். மூன்று வரி. 'மானிகள் சரியாக உள்ளன. பிள்ளைகள் உண்மையாகவே சாப்பிடுகிறார்கள். பிள்ளைகள் அடுக்களை எதற்கும் மணக்குப்பி தேவையில்லை.' மூன்றாவது வரி அவன் வேலைக்கு வேட்டு வைக்கும். தெரிந்தே எழுதி அனுப்பினான். பிறகு பதினான்காம் குப்பியை மெர்சிலினின் தையல் பெட்டிக்குள் நூல்கண்டுகளுக்கு நடுவே வைத்து மூடினான்.

ஐந்தே முக்காலுக்கு ரோவினா தட்டைக் கொண்டுவந்து தொட்டியில் வைத்தாள். அவள் மணிக்கட்டில் மானி நீளமாக ஒருமுறை அதிர்ந்து பச்சைக்கு மாறியது. அவள் கையைத் தூக்கி அவனிடம் காட்டிக்கொண்டே இருந்தாள். அவன் மானியைப் பார்க்கவில்லை. தட்டில் மிச்சம் இருந்த ஒரே துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். நடுவில் ஆழமாக ஒரு கடி. ஓரத்தில் மட்டும் கடித்துப் பயந்து விட்ட கடி இல்லை, வாய் நிறையத் திறந்து கடித்தது. மேல்வரிசைப் பல்தடத்தில் ஓரிடம் வெறுமையாக இருந்தது. பல் விழுந்திருக்கிறது. எப்போது விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது.

அந்தத் துண்டைத் தன் வாயில் போட்டான். மிளகு, அரிசி மாவு, ஓரத்தில் ஒரு துளிக் கசப்பு. வேறு யாருடைய ஞாபகமும் அதில் இல்லை. மெல்ல மென்று விழுங்கினான்.

"இதுதான்" என்றான்.