போகும் தூரம், வரும் தூரம்

மூளைப்பதிவிக் கருவி ஓர் ஆளின் மூளையில் ஒரே ஒரு வடிவியல் நூலைத்தான் எழுதும். இடத்தை உணரும் நரம்புகளில் எழுதியதை அழிக்க வழியில்லை. அதனால், சார்பியல் படிக்க வந்த மாணவர்களுக்கு எந்த நூலைப் பதிப்பது என்று கல்லூரியின் நூல் தேர்வுக்குழு காலையிலிருந்து வாதாடிக்கொண்டிருந்தது.

பேராசிரியர் மீனலோசனி கொண்டுவந்த நூல் நிதானமானது. இணைகோடுகளைப் பற்றி நூற்றாண்டுகளாக நடந்த சண்டை, தோற்றுப்போன நிரூபணங்கள், அதன் பிறகே வளைந்த பரப்புகள். குழுத்தலைவர் சிரில் ராஜநாயகத்தின் நூல் முதல் பக்கத்திலேயே வளைந்த காலவெளியில் தொடங்கியது.

“தோத்துப்போன நிரூபணத்தையெல்லாம் எதுக்கு மேடம் பசங்க தலையில ஏத்தணும்?” என்றார் சிரில்.

“எங்க தோத்தாங்கன்னு தெரியணும் சார். இல்லேன்னா, இதுவும் மனுஷன் யோசிச்சு எழுதினதுதான்னு அவங்களுக்குத் தோணாது.”

“உங்க பொண்ணும் இந்த வகுப்புலதானே இருக்கா? உங்க நூலைப் பதிச்சா, விண்வெளி ஆய்வகத் தேர்வுல நம்ம பசங்க ஒருத்தரும் தேற மாட்டாங்க.”

அந்த ஆய்வகத்தைத் தவிர மகள் இசைவாணிக்கு வேறு ஆசை கிடையாது. மீனலோசனி சிரிலின் நூலுக்கே கை தூக்கினாள்.

பலன் உடனே தெரிந்தது. மீனலோசனி நாள் முழுக்கப் போராடும் கணக்குக்கு இசைவாணி சாப்பிட்டுக்கொண்டே விடை சொன்னாள். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதைப் பார்ப்பதுபோல் ஒளி வளைவதைப் பார்த்தாள். அந்த வகுப்பு மொத்தமும் ஆய்வகத்தில் சேர்ந்தது. பதிவி இல்லாமல் படித்தவர்களை அதன் பிறகு யாரும் வேலைக்கு எடுக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து ஒருநாள் இசைவாணி எரிச்சலோடு வீட்டுக்கு வந்தாள். சூரியனை ஒட்டிச் சுற்றியபடி ஒளியால் தூரத்தை அளக்கும் இரண்டு ஒளியளவிகள் தொல்லை கொடுப்பதாகச் சொன்னாள். சூரியனின் சுழற்சியால் வரும் வித்தியாசத்தைக் கழித்த பிறகும், ஓர் அளவியிலிருந்து மற்றதற்குப் போகும் தூரம் ஒன்றாகவும் திரும்பி வரும் தூரம் வேறாகவும் இருந்தது.

“ஒருவேளை இடமே அப்படித்தான் இருக்கோ என்னவோ,” என்றாள் மீனலோசனி.

“அதெப்படிம்மா இருக்கும்?”

“ஒரு நிமிஷம் அப்படின்னு வச்சுக்கிட்டுப் பாரேன்.”

அம்மாவுக்காக இசைவாணி கண்ணை மூடி உண்மையாகவே முயன்றாள். முகம் வெளுத்தது. எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். மீனலோசனி பின்னாலேயே போய் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“இனிமே இதைக் கேக்காதம்மா,” என்றாள் மகள்.

மீனலோசனி தானே கணக்குப் போட்டுப் பார்த்தாள். பாதிக்கு மேல் நகரவில்லை. ஆய்வகத்துக்குப் போய் பழைய மாணவர்களிடம் பேசினாள். மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். அவள் விளக்கத் தொடங்கியதும் அவர்களும் தலைசுற்றித் தலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் அளவிகள் இரண்டையும் சூரியனுக்குள் தள்ளிவிட்டார்கள்.

“நீயும் ஒத்துக்கிட்டியா?”

“எல்லாரும்தாம்மா. ஒருத்தர்கூட மறுக்கல.” இசைவாணியின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. “புதுசா ரெண்டு அனுப்பறோம். அது போற தூரத்தை மட்டும் அளக்கும். வர்ற தூரமும் அதேதான்னு அளக்காமலே எழுதிக்கும்.”