கடைசிக் கவளம்

காலையில் துவக்கு ஏரிப் பக்கம் பார்த்தபடிதான் இருந்தது. தில்லைநாதன் தானே அதைத் துடைத்தவன். மறப்பதற்கு அது என்ன சின்னச் சாமானா? கிட்டத்தட்ட ஆளுயர இரட்டைக் குழல், ஒவ்வொன்றுக்குள்ளும் அவனுடைய கட்டைவிரல் தாராளமாகப் போய்வரும். ஏரியில் கூட்டமாக இறங்கும் வாத்துகளை ஒரே வெடியில் விழுத்துவதற்கென்று, செத்துப்போன வீட்டுக்காரக் கிழவர் வைத்திருந்தது. இப்போது, பின்னேர வெளிச்சம் மங்குகையில், ஜன்னலோர மேசைமேல் மரத்தாங்கியில் கிடந்த அதன் வாய் கொஞ்சம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

துடைக்கும்போது தட்டுப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு சப்பாத்தை மாட்டினான். கதவை இழுத்தான். அசையவில்லை. காலை முண்டுகொடுத்து இழுத்தும் சனியன் அசையவில்லை. ஜன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி. கீழே ஊஸ்டர் பட்டணத்தில் இன்னொரு வீட்டைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்த மனைவியைக் கைபேசியில் அழைத்தான்.

"கோசலா, கதவு இறுகிப்போச்சு. உள்ளுக்கை மாட்டுப்பட்டிட்டன். வந்து வெளியாலை ஒருக்காத் தள்ளும்."

"இந்தா வெளிக்கிட்டன். வேலை முடிஞ்சுதே?"

"ஓம். சுவரிலை கிடக்கிற மிருகத் தலையளின்ரை வாயெல்லாம் காய்ஞ்ச குப்பை. பிடுங்கிப் பைக்குள்ளை போட்டிட்டன்."

"ஐயோ, ஏனப்பா? கிழவற்றை மகள் அதைத் தொடவேண்டாம் எண்டல்லோ சொன்னவ! சுட்ட மிருகத்தின்ரை வாயிலை ஊசியிலைக் கிளை வைச்சு அனுப்பிறது இவையின்ரை வழக்கமாம். எங்கடை வாய்க்கரிசி மாதிரி. நான்தான் சொல்ல மறந்துபோனன்."

திரும்ப வைத்துவிடலாம் என்று பையை அவிழ்த்தான். தூசி இருந்தது, கசங்கிய தாள் இருந்தது. கிளை ஒன்றுகூட இல்லை. காலையில் தரை துடைத்த எலுமிச்சை வாசனைக்கு அடியிலிருந்து, ஈரச் சிறகும் ஏரிச் சேறும் கருகிய வெடிமருந்தும் கலந்த நெடி ஒன்று மெல்ல மெல்ல எழும்பி, திரைச்சீலையில் ஏறி, அவனுடைய சட்டைக்குள்ளும் புகுந்தது. வெடிமருந்தை அவனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சண்டைக்காலத்தில், ஊரில், இயக்கச்சியில் பங்கருக்குள் கிடந்த வயதிலேயே மூக்குக்குத் தெரியும்.

நிமிர்ந்தான். மான்களும் பன்றிகளும் வெறும் வாயோடு அவனைப் பார்த்தன. துவக்கு இப்போது நேராக வாசலைப் பார்த்தது. கோசலாவின் நெஞ்சு உயரத்துக்கு.

கடவுளே, நான்தானே அவளைக் கூப்பிட்டேன்.

ஓடிப்போய்க் குழலைப் பிடித்துத் தள்ளினான். மேசையில் வேர்விட்டதுபோல நின்றது. உள்ளங்கை இரும்பின் குளிரில் ஒட்டி உரிந்தது. குழல்களின் பின்னால் இருந்த, வெடியைத் தட்டும் இரும்புக் குதிரைகள், யாரும் தொடாமலே, பின்னுக்கு இழுபட்டன. முதலில் ஒன்று. பிறகு மற்றது.

வெளியே கார் நின்ற சத்தம். மறுபடியும் அழைத்தான்.

"வந்திட்டனப்பா. என்ன அவசரம்?"

வராதே என்று கத்த வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. பற்களுக்கிடையில் ஏதோ இருந்தது. கைத்தது. நாக்கில் குத்தியது. பிடித்து இழுத்தான். வரவில்லை. மேலும் இழுத்தான். ஊசியிலைகள். தொண்டைவரை.

"ஹலோ? கதையுங்கோவன்! விளையாடுறியளோ?" அவள் சிரித்தாள். "சரி, தள்ளி நில்லுங்கோ. கதவைத் தள்ளப்போறன்."

பாய்ந்து போய்க் கதவில் முதுகைக் கொடுத்தான். குதிகாலைத் தரையில் ஊன்றினான். எதிரே இரண்டு கறுப்பு ஓட்டைகள். ஒன்று அவனைப் பார்த்தது. மற்றது, அவன் தோளுக்கு மேலால், கதவைப் பார்த்தது.

மேசையில், குழலுக்கு அடியில், இன்னொரு கிளை கிடந்தது. பச்சை. முறிந்த இடத்தில் பிசின் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

கோசலா தள்ளினாள். இவ்வளவு நேரமும் அசையாத கதவு, அவனையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு, இலேசாகத் திறந்தது.