தூங்கும் கரடியும் கழுதை வருஷமும்

பட்டாசு என்பது அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயரன்று. ஐந்தாம் வகுப்புத் தோழிகள் வைத்தது. கோபம் வந்தால் முதலில் அவளுடைய மூக்கு நுனி சிவக்கும். அடுத்த கணம் வெடிப்பாள். அன்று காலை முதலே மூக்கு நுனி சிவந்துதான் இருந்தது.

காரணம், அவள் தம்பியின் காது மெஷின். முந்தைய நாள் மாலை அது திடீரென்று வேலை செய்யாமல் நின்றுவிட்டது. அது இல்லாவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்காது.

வேறு நாளாக இருந்தால் சமாளித்திருப்பான். எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சைப் புரிந்துகொள்வான். ஆனால் அன்று மாலை பள்ளியில் நாடகம். அதில் அவன் தூங்கும் கரடி. கண்களை இறுக மூடிக்கொண்டு மேடை நடுவே படுத்திருக்க வேண்டும். மணி அடித்ததும் எழுந்து உறும வேண்டும். மூடிய கண்ணால் யாருடைய உதட்டைப் பார்ப்பது? மணி கேட்காவிட்டால் கரடி எழாது. கரடி எழாவிட்டால் நாடகம் நகராது.

வேடம் கிடைத்த நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் அவனைக் கரடி என்றே அழைத்தார்கள்.

தையற்கூடத்தில் அரைநாள் விடுப்பு வாங்கிக்கொண்டு, அம்மா இருவரையும் காது மெஷின் பழுதுபார்க்கும் கடைக்கு அழைத்து வந்திருந்தார். கதவு திறந்த சற்று நேரத்திலேயே உள்ளே வந்தாயிற்று. மதியம் பூட்டினால் அந்தக் கடையை மறுநாள்தான் திறப்பார்கள்.

வரவேற்பு மேசையில் இருந்த அக்கா மெஷினை வாங்கி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் வைத்தார். "ஜஸ்ட் எ செகண்ட்" என்று புன்னகைத்தார். ஒரே ஒரு நொடி என்று பொருள்.

அந்த நொடி முடியவே இல்லை. அம்மா எழுந்துபோய்க் கேட்டார். "ஒன் மினிட், மேடம்." அடுத்த முறை கேட்டபோது, "ஷார்ட்லி, மேடம்." சீக்கிரமே ஆகிவிடுமாம்!

"நொடி நிமிஷமாச்சு, நிமிஷம் சீக்கிரமாச்சு. அடுத்து என்னம்மா, அடுத்த ஜென்மமா?" என்று பட்டாசு சீறினாள்.

"முடிஞ்சுதாக்கா?" என்று கரடி பட்டாசிடம் கேட்டான். தன் குரலே தனக்குக் கேட்காததால் கூடம் அதிரக் கேட்டான். சுவரோரம் உறங்கிக்கொண்டிருந்த ஒருவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார்.

பட்டாசு கையை விரித்துக் காட்டினாள். பிறகு நேராக மேசைக்குப் போனாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? பேனா கேக்கும்போது தமிழ்ல பேசுறீங்க. டீ சொல்லும்போது தமிழ்ல பேசுறீங்க. எங்களை உட்கார வைக்கும்போது மட்டும் ஏன் இங்கிலீஷ்?"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "தமிழ்ல 'கொஞ்சம் இருங்க'ன்னா சண்டைக்கு வர்றாங்க கண்ணு. இங்கிலீஷ்ல சொன்னா பேசாம போய் உட்கார்ந்துக்கறாங்க" என்றார்.

"நான் உட்கார மாட்டேன்!"

"பட்டாசு! இங்க வா!" அம்மா அவளை இழுத்து உட்கார வைத்தார். "கத்தினா மட்டும் வேலை நடந்துடுமா?"

"பாப்பா கேட்டதுல என்ன தப்பு?" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த பெரிய மீசைக்காரர். அவர் லாரி ஓட்டுநர். மாமியாரின் மெஷினைக் கொண்டுவந்திருந்தார். "உங்களுக்கும் முன்னால வந்தவன் நான். இந்த நாற்காலியிலேயே வேர் விட்டுட்டேன். கொஞ்சம் தண்ணி ஊத்தினா இலையும் விட்டுடுவேன்."

அப்போது பச்சைக் குடை பிடித்த பெண்மணி ஒருவர் வந்து மெஷினைக் கொடுத்தார். குடையின் ஈரம் காய்வதற்குள் அது சரியாகித் திரும்பி வந்தது. அவரும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"பார்த்தியா பாப்பா? ஆளைப் பார்த்து வேலை செய்றாங்க!" மீசைக்காரர் தொடையில் தட்டினார்.

பட்டாசின் காதுமடல் வரை சூடேறியது. வெடிப்பதற்காகவே எழுந்தாள். ஆனால் வாயைத் திறக்குமுன் அவள் கண்ணில் ஒன்று பட்டது.

இன்னொருவர் வந்து மெஷினைக் கொடுத்தார். அக்கா அதை ஒரு தட்டில் வைத்தார். அந்தத் தட்டை, பழுதுபார்க்கும் அறையின் சன்னலோரம் இருந்த தட்டு அடுக்கின் உச்சியில் வைத்தார். உடனே தொலைபேசி மணி அடித்தது, அக்கா திரும்பிக்கொண்டார். சன்னலின் மறுபக்கத்திலிருந்து பழுதுபார்ப்பவரின் கை நீண்டது. உச்சியில் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனது.

பட்டாசு குனிந்து அடுக்கின் அடிப்பகுதியைப் பார்த்தாள். கீழிருந்து இரண்டாவது தட்டில், கரடியின் மெஷினில் ஒட்டியிருந்த சிவப்பு நட்சத்திரம் மின்னியது.

யாரும் ஆள் பார்க்கவில்லை. ஏமாற்றவும் இல்லை. முதலில் வந்தவர் அடியில் கிடந்தார். கடைசியில் வந்தவர் உச்சியில் இருந்தார். அவ்வளவுதான்.

அவளுக்குக் கோபம் குறையவில்லை. ஆனால் அது அக்காவின் மேலிருந்து இறங்கி, அந்தத் தட்டு அடுக்கின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. மேசையில் அக்காவின் தேநீர் ஆடை படிந்து ஆறிக் கிடந்ததையும் அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"அக்கா, போனை வெச்சுட்டு இங்க பாருங்களேன். நீங்க மேல வைக்கிறீங்க. அவர் மேலேயே எடுக்கிறார். அப்போ அடியில இருக்கிறது எப்போதான் உள்ளே போகும்?"

அக்கா அடுக்கைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடக்கடவுளே! தினமும் காலையில வர்றவங்கதான் அதிகமா கத்துவாங்க. ஏன்னு இத்தனை நாளா புரியலையே!"

இருவரும் தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி, சன்னல் விளிம்பில் ரயில்பெட்டிகள் போல வரிசையாக வைத்தார்கள். பழுதுபார்ப்பவரின் கைக்கு மிக அருகில் எந்தத் தட்டை வைப்பது? பட்டாசின் கை சிவப்பு நட்சத்திரத்தின் மேல் நின்றது. கடிகாரமோ மதியத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த, மீசைக்காரருடைய மாமியாரின் தட்டையே முதலில் வைத்தாள்.

"ஏன் பாப்பா மூஞ்சி அப்படி இருக்கு?" என்றார் மீசைக்காரர்.

"தம்பிக்கு சாயங்காலம் நாடகம். மணி சத்தம் கேட்டாதான் எழுந்திருக்க முடியும். ஆனா நீங்கதானே முதல்ல வந்தீங்க!" என்று அவர்மேலும் எரிந்து விழுந்தாள்.

மீசைக்காரர் எழுந்து வந்தார். தம் தட்டை ஓர் இடம் பின்னால் நகர்த்தினார். "என் மாமியார் இன்னும் கொஞ்ச நேரம் எதையும் கேக்காம இருக்கட்டும். அதுக்குள்ள நான் போன்ல லாரி முதலாளியைத் திட்டி முடிச்சுக்கறேன்."

பழுதுபார்ப்பவரின் கை நீண்டது. அடுக்கைக் காணாமல் தடுமாறியது. பிறகு ஒரு தாடி எட்டிப் பார்த்தது. அவர் வேறு நாட்டவர்; ஆங்கிலம் தவிர வேறெதுவும் அறியாதவர். கரடியின் மெஷினைத் தூக்கிப் பிடித்து, சிரித்தபடி ஏதோ சொன்னார். பட்டாசின் காதில் "டாங்கி" என்ற சொல் மட்டும் தெளிவாக விழுந்தது.

"கழுதையா? யாரைக் கழுதைங்கிறார்?"

"ஐயோ, திட்டலை கண்ணு!" என்று அக்கா அவசரமாகக் கையை அசைத்தார். "இந்த மாடல் மெஷினைப் பார்த்துக் கழுதை வருஷமாச்சுன்னு சொல்றார். அவங்க ஊர்ல ரொம்ப ரொம்ப நாள் ஆச்சுன்னா அப்படித்தான் சொல்வாங்களாம்."

"கழுதைக்கு மட்டும் வருஷம் நீளமா?"

"அது அவருக்கே தெரியாதாம். நான் கேட்டுப் பார்த்துட்டேன்."

பட்டாசு இதைத் தம்பிக்கு உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள். கரடி விழுந்து விழுந்து சிரித்தான்.

மெஷினின் மெல்லிய குழாய் இறுகி அடைத்திருந்தது. தாடிக்காரர் அதை மாற்றினார். எடுத்துக்கொண்ட நேரம், அம்மா பையைத் தேடித் தோளில் மாட்டிய நேரம்தான். இதற்கா இத்தனை நேரம் என்று பட்டாசுக்கு மறுபடியும் மூக்கு சிவந்தது.

மாலையில் மேடைத் திரை விலகியது. கரடி கண்களை மூடிப் படுத்திருந்தான். மணி அடித்தது.

கரடி அசையவில்லை.

முதல் வரிசையில் பட்டாசு நாற்காலி நுனிக்கு வந்தாள். குழாய் மறுபடியும் அடைத்துக்கொண்டதா? இரண்டாவது முறை மணி அடித்தது. கரடி புரண்டு படுத்தான். மெதுவாக ஒரு கையை நீட்டினான். கொட்டாவி விட்டான். வயிற்றைச் சொறிந்தான். அரங்கமே சிரித்து ஓய்ந்த பிறகு எழுந்து நின்று, கூரை அதிர உறுமினான்.

நாடகம் முடிந்ததும் பட்டாசு மேடைக்குப் பின்னால் ஓடினாள்.

"டேய்! மணி கேட்டுச்சா இல்லையா?"

"முதல் தடவையே நல்லா கேட்டுச்சுக்கா."

"அப்புறம் ஏன்டா எழுந்திருக்கல? எனக்கு உயிரே போயிடுச்சு!"

கரடி தலையில் மாட்டியிருந்த கரடித் தலையைக் கழற்றினான். "கரடி கழுதை வருஷமா தூங்கிட்டு இருந்துச்சுல்ல? உடனே எழுந்தா யாரு நம்புவாங்கக்கா? அதான் அந்தக் கடை அக்கா மாதிரி ஜஸ்ட் எ செகண்ட் எடுத்துக்கிட்டேன்."

பட்டாசின் மூக்கு நுனி சிவந்தது. சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லோரும் இரண்டடி விலகி நின்றார்கள்.

அவள் வெடித்தாள், ஆனால் அன்று முதன்முறையாகச் சிரிப்பாக.